முப்பது எண்ணும் வரை

மதுரையில் கடல் ஏதும்மா என்றார்
கீழமாசி வீதிக் கடைக்காரர்.
நீச்சல் கண்ணாடி போதாதா, மூக்கை எதற்கு மூடணும்?
ஆழத்தில் காது அடைக்கும்,
மூக்கைப் பிடித்து ஊதினால்தான் திறக்கும் என்றேன்.
காதுக்குச் சாவி மூக்கிலா என்று
நாற்பது ரூபாய் குறைத்தார்.

அதுவரை என் ஆழம்
நீச்சல்குளத்தின் ஐந்தரை அடி.
ஞாயிறு காலை, கூட்டம் வருமுன்,
வெள்ளை ஓட்டில் வயிறு ஒட்டக் கிடப்பேன்.
இரண்டு நிமிடம் நாற்பது வரும்போது
காவலாளியின் மூங்கில் கழி
முதுகில் குத்தும்.
"ஏம்மா, உசுரோட இருக்கியா?"
ஒவ்வொரு வாரமும் அவரோடு சண்டை.
என் நேரத்தைக் கெடுக்கிறார் என்று.

மிதவைக்கு ஒரு பழைய லாரி ட்யூப் தேடி
மேலூர் ரோடு பஞ்சர் கடையில் நின்றபோது
போன மாதமும் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார் என்றான் பையன்.
தண்ணிக்குள்ள போய் சும்மா இருக்கிற கூட்டமாம்.
நம்பர் இருக்கு, வேணுமா?

மூன்று பேர்.
கண் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவு ரிஸ்வானா.
பரோட்டாவுக்கு மாவு வீசும் பிரிட்டோ.
தீயணைப்பு நிலையத்து ஒச்சப்பன்.
கைவிட்ட கல்குவாரி ஒன்று,
உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம்,
அறுபது அடிக் கயிறு,
பத்தடிக்கு ஒரு முடிச்சு,
ஒவ்வொரு முடிச்சிலும் வேறு வேறு கலரில் சேலைக் கிழிசல்.

எவ்வளவு நேரம் மூச்சடக்குவாய் என்று கேட்பார்கள்,
நிமிடத்தைச் சொல்லலாம் என்று போயிருந்தேன்.
ஒச்சப்பன் கேட்டது வேறு:
"யாரு பாத்துக்கிட்டு இருந்தா?"

போன வருஷம் கிணற்றிலிருந்து
பதினோரு பேரைத் தூக்கியிருக்கிறார்.
அதில் ஆறு பேருக்கு நன்றாக நீச்சல் தெரியும்.
சொல்லிவிட்டு ட்யூபுக்குக் காற்றடிக்கப் போனார்.

நான்கு ஞாயிறு என்னை முங்கவே விடவில்லை.
ஒருத்தர் கீழே என்றால் ஒருத்தர் மேலே.
மேலே வந்தவர் சிரித்தாலும் நம்பாதே,
கட்டைவிரல் காட்டினாலும் நம்பாதே,
முகத்தைப் பார், உதட்டைப் பார்,
முப்பது எண்ணு.
வெயில் பாறையில் பட்டுக் கண்ணைக் குத்தியது.
எண்ணி எண்ணி அலுத்தேன்.
இதற்கா பஸ் ஏறி வந்தேன் என்று
நான்காம் ஞாயிறு பிரிட்டோ மேலே வந்தபோது
பாதி மனசோடுதான் எண்ணினேன்.
ஒன்பது. பத்து.
சிரித்தார்.
பதினொன்று.
சிரிப்பு அப்படியே இருந்தது,
அவர் மட்டும் அதில் இல்லை.

தாடையைத் தாங்கினேன்.
முகமூடியைக் கழற்றினேன்.
கன்னத்தில் ஊதி, தட்டி,
பிரிட்டோ, மூச்சு இழு,
பிரிட்டோ, மூச்சு இழு.
பச்சைத் தண்ணீர் அவர் வாய்க்கு இரண்டு விரல் கீழே
ஆடிக்கொண்டிருந்தது.

ஆறு நொடி என்றாள் ரிஸ்வானா பிறகு.
இருமலோடு திரும்பி வந்தவர்
"எதுக்கு என்னைப் புடிச்சிருக்க?" என்றார்.
அவருக்கு அந்த ஆறு நொடி இல்லை.
எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்று இனி தண்ணீர் இல்லை உனக்கு
என்று கயிற்றைச் சுருட்டினாள் ரிஸ்வானா.
ஒன்றுமில்லை, ஒரே ஒரு தடவை என்று
பிரிட்டோ கெஞ்சியதும்
யாரும் பதில் சொல்லாததும்
மேலூர் பஸ் ஸ்டாண்டு வரை தொடர்ந்தது.
டீக்கு அவர்தான் காசு கொடுத்தார், கோபத்தோடு.

மறுநாள் மாலை
மூங்கில் கழிக்காரருக்குக் கால் கிலோ அல்வா வாங்கிப் போனேன்.
என்ன விசேஷம் என்றார்.
சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாம் ஞாயிறு என் முறை.
மஞ்சள் முடிச்சு, ஊதா முடிச்சு,
சிவப்பு அந்த ஆழத்தில் கறுப்பாகத் தெரிந்தது.
மூக்கைப் பிடித்தேன், காது திறந்தது.
நிமிர்ந்து பார்த்தால்
ட்யூபின் வட்டத்துக்குள்
காசு அளவுக்கு ஒரு தலை,
அசையாமல், என்னையே.

மேலே வந்தேன்.
மூச்சு இழுத்தேன், கட்டைவிரல் காட்டினேன்.
நாலாவது முடிச்சு, பாத்தியா என்றேன்.
கல்லில் வெட்டிய மாதிரித் தண்ணி,
சத்தமே இல்லை என்றேன்.
பசிக்கிறது என்றும் சொன்னேன்.

ரிஸ்வானா பேசவில்லை.
என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
இன்னும் பத்தொன்பதில் இருக்கிறாள்.